பணிமனையின் மேல்தளம்: தெருவில் போட்டவை காட்சியான கதை

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், கிழக்கு 99ஆவது தெருவில், மாநகரத் தூய்மைத் துறையின் குப்பை லாரிப் பணிமனை ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கதவுகள் கொண்ட சாதாரணக் கட்டடம். மேல்தளத்துக்கு ஏறினால் தட்டச்சு இயந்திரங்கள், பழைய கேமராக்கள், கடிகாரங்கள், சட்டமிட்ட ஓவியங்கள், கண் விழித்த ஃபர்பி பொம்மைகள் என்று வரிசை வரிசையாக நிற்கின்றன. 45,000க்கும் மேற்பட்ட பொருட்கள். எல்லாமே அந்த வட்டாரத்து வீடுகள் வேண்டாம் என்று வெளியே வைத்தவை. குப்பை அள்ளப் போனவர்களே எடுத்து வைத்தவை.

இதைத் தொடங்கியவர் நெல்சன் மொலினா. 1981இல் தூய்மைப் பணியாளராகச் சேர்ந்து 2015இல் ஓய்வு பெற்றவர். ஓவியப் பள்ளியில் படித்தவரல்ல, காட்சிக்கூடம் நடத்தியவரும் அல்ல. ஆனாலும் ஒரு நகரத்தின் கழிபொருட்களைக் கொண்டு அவர் செய்தது கலைதான் என்று நான் நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்பதே இந்த ஆய்வு. கேள்வி ஒன்றுதான்: தூக்கிப்போட்ட பொருளுக்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது? பொருளிலிருந்தா, எடுத்த கையிலிருந்தா, வைத்த இடத்திலிருந்தா?

தெரு எப்படி அமைந்தது

முதலில் தெருவைப் புரிந்துகொள்ள வேண்டும். மன்ஹாட்டனின் பெரும்பகுதி 1811ஆம் ஆண்டுத் திட்டப்படி கட்டம் கட்டமாகப் பிரித்த நிலம். அந்தத் திட்டத்தில் வீடுகளுக்குப் பின்புறம் சந்து விடவில்லை. பல நகரங்களில் குப்பை பின் சந்து வழியாக யார் கண்ணிலும் படாமல் போய்விடும். மன்ஹாட்டனில் அதற்கு வழியில்லை. எல்லாம் முன்வாசல் வழியாக வந்து, நடைபாதை ஓரத்தில், நடப்பவர் கண்ணெதிரே கிடக்க வேண்டும். பைகள் ஒரு குவியல், அதன் மேல் சாய்த்து வைத்த நாற்காலி, பக்கத்தில் கண்ணாடி உடைந்த படச்சட்டம். ஒரு குடும்பம் வீடு மாறிப் போனால் அது தெருவுக்கே தெரியும்.

அப்புறம் நேரம். லாரி வந்து நிற்கிறது. பணியாளர் பையைத் தூக்குகிறார், லாரியின் பின்வாயில் போடுகிறார், நெம்பியை இழுக்கிறார். இரும்புத் தகடு இறங்கி எல்லாவற்றையும் உள்ளே நெரித்துத் தள்ளுகிறது. தூக்குவதற்கும் தகடு இறங்குவதற்கும் நடுவே சில நொடிகள்தான். அந்த நொடிகளில்தான் ஒரு கடிகாரம் பிழைக்கிறது, அல்லது நொறுங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் லாரிக்கு மூவர் என்றிருந்தது இருவராகக் குறைந்தது. அதாவது மொலினா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆள் குறைந்து சுமை கூடியிருந்தது. அந்த அவசரத்துக்கு நடுவில் ஒருவர் நின்று ஒரு பொருளைத் திருப்பிப் பார்த்தார் என்பது சின்ன விஷயமல்ல.

லாரிக்குள் போனபின் என்ன ஆகும்? 1948இலிருந்து நகரத்தின் குப்பை ஸ்டேட்டன் தீவின் ஃப்ரெஷ் கில்ஸ் கிடங்கில் மலையாகக் குவிந்தது. 2001இல் அந்தக் கிடங்கை மூடிய பிறகு பெரும்பகுதி வேறு மாநிலங்களுக்குப் போகத் தொடங்கியது. ஒரு நாளைக்கு 10,000 டன்னுக்கு மேல். நகரம் தன் நினைவின் ஒரு பகுதியை அன்றாடம் ஊரைவிட்டே அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு மூலையிலிருந்து

மொலினா, பணிமனை இருக்கும் கிழக்கு ஹார்லம் வட்டாரத்திலேயே வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோதே பிறர் தூக்கிப்போட்ட பொம்மைகளை எடுத்துச் சரிசெய்து உடன்பிறந்தவர்களுக்குக் கொடுத்தவர். வேலைக்குச் சேர்ந்ததும் அந்தப் பழக்கம் கூடவே வந்தது. பணிமனையில் தன் உடைமைகளை வைக்கும் பெட்டி இருந்த மூலையை அழகுபடுத்த ஒன்றிரண்டு பொருட்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு படம், ஒரு சின்ன அலங்காரப் பொருள், அவ்வளவுதான். கூட வேலை செய்தவர்கள் அதைப் பார்த்தார்கள். சிரித்துவிட்டுப் போகாமல், அவர்களும் கொண்டுவரத் தொடங்கினார்கள். மூலை சுவரானது, சுவர் அறையானது, காலியாகக் கிடந்த மேல்தளம் முழுதும் நிறைந்தது.

நியூயார்க் தூய்மைப் பணியாளர்களிடையே ஒரு சொல் உண்டு: மொங்கோ. குப்பையிலிருந்து மீட்டெடுத்த பொருளுக்கு அது பெயர். துறையின் விதிப்படி பணியாளர்கள் குப்பையிலிருந்து எதையும் தமக்கென்று எடுத்துப் போகக் கூடாது. மேல்தளத்துப் பொருட்கள் யார் வீட்டுக்கும் போகவில்லை, விற்பனைக்கும் போகவில்லை. துறையின் கட்டடத்திலேயே இருந்தன. இந்த விதிதான் அந்தத் தொகுப்பைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றிருந்தால் அது நூறு வீடுகளில் சிதறிப்போயிருக்கும். உடைமையாக்க வழியில்லாததால் அது எல்லோருடையதும் ஆனது.

வரிசையில் வைப்பது

மேல்தளத்தில் பொருட்கள் வந்த வரிசையில் கிடக்கவில்லை. வகை வகையாகவும் நிறம் நிறமாகவும் பிரித்து வைத்திருக்கிறார் மொலினா. இங்கேதான் இந்த நிகழ்வின் உயிர் இருக்கிறது.

ஒரு பழைய தட்டச்சு இயந்திரம் தனியாக இருந்தால், அது ஒரு பழைய தட்டச்சு இயந்திரம். பத்து சேர்ந்து நின்றால் கண் வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்குகிறது. எந்த விசை எதில் தேய்ந்திருக்கிறது, எதில் நாடா இன்னும் ஈரமாகத் தெரிகிறது, எதன் மூடியில் யாரோ ஒட்டிய தாள் மிச்சம் இருக்கிறது என்று வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். ஒரே மாதிரியானவை அருகருகே வரும்போதுதான் ஒவ்வொன்றும் எப்படி வேறு என்பது துலங்குகிறது.

இது சும்மா சொல்கிற வார்த்தையா என்று நானே சோதித்துப் பார்த்தேன். ஒருநாள் காலை நடக்கும்போது தெருவோரம் ஒரு மேசை இழுப்பறை கிடந்தது. மேசை இல்லை, இழுப்பறை மட்டும். வீட்டுக்கு எடுத்து வந்து சன்னலோரம் வைத்தேன். முன்பலகையில் இரண்டு மரக்குமிழ்கள். அடியில் மஞ்சளடித்த செய்தித்தாள் விரிப்பு, ஒரு மூலையில் மைக்கறை, குண்டூசி துருப்பிடித்துப் பதிந்த வட்டமான தடம் ஒன்று. உள்பக்கச் சுவரில் பென்சிலால் நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, மறுபடி நான்கு கோடு. யாரோ எதையோ எண்ணியிருக்கிறார்கள். அத்தனையும் பார்த்தேன், ஆனால் அடுத்து என்ன என்று தெரியவில்லை. பாவம், யாருடையதோ என்று தோன்றியது. அந்த இரக்கம் இரண்டு நாளில் தீர்ந்துபோனது.

பிறகு வந்த மாதங்களில் வேறு சில கிடைத்தன: நாற்காலியின் கை ஒன்று, பெட்டியிலிருந்து கழன்ற தோல் கைப்பிடி, மரப்பிடி போட்ட திருப்புளி, சுவரிலிருந்து பெயர்த்த விளக்குச் சுவிட்சுப் பலகை. எல்லாவற்றையும் இழுப்பறைக்குள் அடுக்கிவைத்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. எல்லாமே கை பட்ட இடத்தில் தேய்ந்திருந்தன. நாற்காலிக் கையின் நுனி, விரல்கள் மடிந்து பிடிக்கும் இடத்தில் மட்டும் பாலிஷ் போய் மரத்தின் வெளிர்நிறம் தெரிந்தது. திருப்புளிப் பிடியில் கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் ஒரு சின்னக் குழிவு. சுவிட்சுப் பலகையில் பொத்தானுக்குக் கீழே, இருட்டில் தடவிப் பார்த்த விரல்களின் அழுக்கு, சாய்வாக. திரும்பி இழுப்பறையைப் பார்த்தேன். இடப்பக்கக் குமிழ் மழுமழுவென்று தேய்ந்திருந்தது. வலப்பக்கக் குமிழில் வார்னிஷ் அப்படியே இருந்தது. அந்த மேசையில் உட்கார்ந்தவர் இடது கையால்தான் அதைத் திறந்திருக்கிறார். வலது கையில் பேனா இருந்திருக்கலாம்.

இழுப்பறை தனியாக இருந்தபோதும் அந்தத் தேய்மானம் அங்கேயேதான் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. திருப்புளி வந்து சொல்லவேண்டியிருந்தது.

குன்றிமணியும் குவியலும்

குப்பையில் கிடந்தாலும் குன்றிமணிக்கு நிறம் போகாது என்று ஒரு பழமொழி உண்டு. மதிப்பு பொருளுக்குள்ளேயே இருக்கிறது, குப்பையால் அதை ஒன்றும் செய்ய முடியாது என்பது அதன் பொருள். நல்ல பழமொழிதான். ஆனால் இந்த நிகழ்வுக்குப் பொருந்தாது. 99ஆவது தெரு மேல்தளத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை குன்றிமணிகள் அல்ல. மலிவான பொம்மைகள், ஆயிரக்கணக்கில் அச்சடித்த சட்டப்படங்கள். இவற்றின் நிறம் ஏற்கெனவே போய்விட்டது. ஒரு பொக்கிஷம் தப்பிப் பிழைத்த கதையாக இதைச் சொல்வது சுலபம், பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், பொக்கிஷமே இல்லாத ஒன்று பார்க்கத் தகுந்ததாக ஆனதுதான்.

பழந்தமிழில் குப்பை என்றால் குவியல் என்றுதான் பொருள். நெல் குவிந்தால் அதுவும் குப்பை, உப்பு குவிந்தால் அதுவும் குப்பை. கழிவு என்ற பொருள் பிறகு மேலோங்கிவிட்டது. மொலினா செய்ததைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இன்றைய பொருளில் குப்பையாக இருந்ததை எடுத்து, பழைய பொருளில் குப்பையாக்கினார். சேர்த்தார், குவித்தார், பார்க்கும்படி வைத்தார்.

வைக்கும் இடம் எவ்வளவு தீர்மானமானது என்பதற்குக் கலை வரலாற்றில் எதிர்த்திசைச் சான்றுகள் உண்டு. பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் 1914இல் பாரிசில் கடையில் வாங்கிய போத்தல் காயவைக்கும் தாங்கி ஒன்றைத் தன் கலைக்கூடத்தில் வைத்திருந்தார். பிறகு அமெரிக்கா போய்விட்டார். அவருடைய தங்கை சுசான் கூடத்தைச் சுத்தம் செய்தபோது அதையும் அங்கே அவர் வைத்திருந்த சைக்கிள் சக்கரத்தையும் குப்பை என்று எறிந்துவிட்டார். அது கலை என்று அண்ணன் கடிதம் எழுதும் முன்பே அது போய்விட்டது. 2004இல் லண்டனின் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில் கலைஞர் குஸ்தாவ் மெட்ஸ்கரின் படைப்பில் ஓர் அங்கமாக இருந்த குப்பைப் பை ஒன்றை அங்கே சுத்தம் செய்தவர் எடுத்துப் போட்டுவிட்டார். இவற்றைக் கேலிக்கதையாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுசானும் சரி, அந்தப் பணியாளரும் சரி, தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். பொருளில் எந்தக் குறியும் இல்லை. வைத்தவரின் நோக்கம் வைத்த இடத்தில்தான் இருந்தது, அது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

ஜெர்மன் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் இன்னொரு வழி போனவர். முதல் உலகப் போர் முடிந்து நொறுங்கிக் கிடந்த ஜெர்மனியில், ஹானோவர் நகரில், டிராம் பயணச்சீட்டு, பொத்தான், கம்பி, மரத்துண்டு என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டிப் படமாக்கினார். ஒரு வங்கி விளம்பரத்தைக் கத்தரித்தபோது கொமெர்ஸ் என்ற சொல்லில் மிஞ்சிய மெர்ஸ் என்ற துண்டையே 1919இல் தன் கலைக்குப் பெயராக வைத்தார். வீட்டுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் வளர்த்த மெர்ஸ்பாவ் என்ற கட்டுமானம் 1943 அக்டோபரில் விமானக் குண்டுவீச்சில் அழிந்தது. அவர் அப்போது இங்கிலாந்தில் அகதி. அங்கேயும் ஒரு கொட்டகைச் சுவரில் மறுபடி தொடங்கினார்.

ஷ்விட்டர்ஸிடம் பயணச்சீட்டு படத்தின் ஒரு நிறமாக மாறிவிடுகிறது. பசைக்கும் பூச்சுக்கும் கீழே அது பழைய வேலையை விட்டுவிடுகிறது. மொலினாவிடம் அப்படியில்லை. தட்டச்சு இயந்திரம் தட்டச்சு இயந்திரமாகவே நிற்கிறது. எதையும் அறுக்கவில்லை, ஒட்டவில்லை, வேறொன்றாக்கவில்லை. கலைஞன் கை வைத்தால்தான் கலை என்பவர்களுக்கு இது போதாததாகத் தெரியலாம். எனக்கு இதுவே கூடுதல் துணிச்சலாகப் படுகிறது.

அதே துறையில் இன்னொருவர்

இந்த நிகழ்வைத் தனியாகப் பார்க்கக் கூடாது. அதே தூய்மைத் துறையில் 1977 முதல் சம்பளமில்லாத உறைவிடக் கலைஞராக, அதாவது துறைக்குள்ளேயே இருந்து கலை செய்பவராக, இருந்தவர் மியர்ல் லேடர்மன் யூக்கலெஸ். குழந்தை பெற்ற பிறகு வீட்டு வேலையும் கலையும் மோதுவதை உணர்ந்து, பராமரிப்பு வேலையே கலை என்று 1969இல் அறிக்கை எழுதியவர். 1979 ஜூலையில் தொடங்கி ஏறத்தாழ 11 மாதம் நகரத்தின் எல்லா வட்டாரங்களுக்கும் போனார். 8,500 தூய்மைப் பணியாளர்களையும் ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். 1983இல் ஒரு குப்பை லாரிக்குக் கண்ணாடி போர்த்தி ஊர்வலத்தில் ஓட்டவைத்தார். தெருவில் நின்றவர்கள் அந்த லாரியில் தங்கள் முகத்தைப் பார்த்தார்கள்.

அந்தக் கைகுலுக்கல் 1980இல் முடிந்தது. மொலினா 1981இல் வேலைக்குச் சேர்ந்தார். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே துறைக்குள் கலை இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கிறது: ஒரு கலைஞர் பணியாளர்களை நோக்கி நடந்து வந்தார், ஒரு பணியாளர் கலையை நோக்கி நடந்தார். இரண்டாவது பயணத்தைப் பற்றி நாம் குறைவாகவே எழுதுகிறோம். தெருவில் அழகைக் காண நின்று நிதானிக்கிற வசதி வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளில் டன் கணக்கில் தூக்குகிற ஆளுக்கு அது கிடையாது. ஆனால் வேறொன்று இருக்கிறது: பழகிய கை. எது கனம், எது வெற்று, எது சரிசெய்தால் ஓடும் என்பது 30 ஆண்டு தூக்கியவருக்குத் தெரியும். தெருவைப் படம் பிடித்துக்கொண்டு நடக்கிற எனக்கு அது தெரியாது.

நெருடலான பகுதி

எல்லாம் இனிமையாக இல்லை. மக்கள் வெளியே போடுவதில் குடும்பப் படங்களும் கடிதங்களும் இருக்கும். போட்டவர் அவை அழியட்டும் என்று நினைத்திருக்கலாம். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கலிஃபோர்னியா எதிர் கிரீன்வுட் வழக்கில் 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தெருவோரம் வைத்த குப்பைப் பையில் ஒருவர் அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது, காவல்துறை வாரன்ட் இல்லாமலே அதைச் சோதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி சரி. மனசாட்சிப்படி எனக்கு அது போதவில்லை. நான் வைத்துக்கொண்ட கோடு இது: பெயரும் முகவரியும் உள்ள தாளைத் தொடுவதில்லை, கடிதத்தைப் பிரிப்பதில்லை. முகம் தெரியும் படங்களில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. தெருவில் குப்புறக் கிடந்த ஒரு திருமணப் படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி குப்புற வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சரியா தவறா என்று இப்போதும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. தெருவில் கிடப்பதைப் பொறுக்கி விற்றுப் பிழைப்பவர்கள் எல்லா நகரத்திலும் இருக்கிறார்கள். விற்கக்கூடியது அவர்களுடையது. கலைக்காக எடுப்பவர் அவர்களுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

இப்போது

மொலினா ஓய்வு பெற்ற பிறகும் தொகுப்பு அதே கட்டடத்தில் இருந்தது. 2019இல் அதிலிருந்து தேர்ந்தெடுத்த பொருட்களை ஹன்டர் கல்லூரியின் கிழக்கு ஹார்லம் காட்சிக்கூடத்தில் வைத்தார்கள். வெள்ளைச் சுவரும் விளக்கும் கிடைத்தன. ஆனால் மேல்தளத்தின் நெருக்கத்தைக் காட்சிக்கூடம் தர முடியாது. அங்கே ஒரு பொருளுக்குப் பக்கத்தில் அதன் உறவுகள் அத்தனையும் நிற்கின்றன. தேர்ந்தெடுத்தால் சிலவற்றை விட்டுவிட வேண்டும், விட்டால் வரிசை அறுந்துபோகும்.

தெருவும் மாறிக்கொண்டிருக்கிறது. 2024 நவம்பர் முதல் ஒன்பது வீடுகள் வரை உள்ள கட்டடங்கள் குப்பையை மூடிபோட்ட தொட்டியில்தான் வைக்க வேண்டும் என்று நியூயார்க்கில் விதி வந்துவிட்டது. எலித்தொல்லைக்கு அது தேவைதான், நடைபாதைக்கும் நல்லது. 200 ஆண்டுக்கு முன் சந்து விடாமல் போட்ட திட்டத்தால் கண்ணெதிரே கிடந்தவை இனிமேல் மூடிக்குள் போகும். சின்னச் சின்னப் பொருட்கள், அதாவது கடிகாரம், கேமரா, பொம்மை, வழிப்போக்கர் கண்ணுக்குத் தெரியாது. தொட்டியைக் கவிழ்க்கிற பணியாளருக்கு மட்டும் ஒரு கணம் தெரியும்.

நாற்காலி தொட்டிக்குள் அடங்காது. மேசையும் அலமாரியும் அப்படித்தான். அவை முந்தின நாள் மாலையே வெளியே வந்து, நடைபாதை ஓரத்தில், லாரி வரும்வரை நின்றுகொண்டிருக்கும்.